முருங்கைத் தூள் வியாபாரமும் நடை விரதமும்

கரூர் ஜில்லாவில் அரவக்குறிச்சியைச் சுற்றிலும், திண்டுக்கல் ஜில்லாவின் சில பாகங்களிலும் முருங்கை பயிரிடும் குடியானவர்கள் நன்கறிந்த கஷ்டம் ஒன்று உண்டு. காய் அருமையாயிருக்கும் காலத்தில் மரத்தில் காய் இராது. மரம் நிறையக் காய்த்துத் தொங்கும்போது சந்தையில் விலை இராது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து 1989-ம் வருஷத்தில் வெளியிடப்பட்ட பி.கே.எம். 1 என்னும் விதை முருங்கை, விதைத்த ஆறு மாதத்திலேயே காய்ப்புக்கு வந்துவிடுவதால், பயிரிடுவோர் தொகையும் பெருகியது. காய் ஒருமித்து வந்து குவிவதும் பெருகியது. பறிகூலிக்கும் வண்டிச் சத்தத்துக்கும் கட்டாத விலைக்குக் காயை விற்க மனமின்றி மரத்திலேயே விட்டுவிடுவாரும் உளர். இலையைத் தூளாக்கிக் கைபேசியின் மூலமாகவே நகரத்தாருக்கு விற்றால் என்ன என்ற எண்ணம் இவ்விதக் குடும்பங்களில் எழுவது இயல்பே.

எண்ணம் நல்லதுதான். ஆனால் இத்தகைய வியாபாரத்தைத் திட்டமிடுகிறவர்கள் பெரும்பாலும் முதல் எவ்வளவு வேண்டும் என்றே கணக்கிடுகிறார்கள். நேரம் எவ்வளவு வேண்டும், அந்த நேரம் எதிலிருந்து எடுக்கப்படும் என்று கணக்கிடுவோர் சிலரே. வீட்டில் ஒருவர் தம் தேகத்தைக் குறித்து ஒரு விரதம் பூண்டிருக்கும் சமயத்தில் இக்கணக்கைச் செய்யாமலிருப்பது பெருந்தீங்காய் முடியும்.

உதாரணமாக, இரண்டு ஏக்கர் முருங்கையும் இரண்டு பசுக்களும் உள்ள ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். வீட்டு அம்மாளுக்கு வயது நாற்பத்து மூன்று. சர்க்கரை வியாதி என்று தெரிந்து, மாத்திரையோடு தினந்தோறும் நடக்கவும் வேண்டுமென்று வைத்தியர் கட்டளையிட்டிருக்கிறார். வயலில் நாளெல்லாம் நிற்கிறவளுக்குத் தனியே நடை எதற்கு என்று கேட்பார்கள். களையெடுப்பதும் பால் கறப்பதும் குனிந்தும் குந்தியும் நின்றும் செய்யும் வேலைகள். மூச்சு சற்று வாங்கும்படி இடைவிடாது நடப்பது வேறு. வாரத்துக்கு 150 நிமிஷங்களுக்குக் குறையாமல் இவ்விதத் தேகப் பயிற்சி வேண்டுமென்று உலகச் சுகாதார ஸ்தாபனமும் கூறியிருக்கிறது. அம்மாள் தை மாதம் முதல் தேதியிலிருந்து விடியற்காலையில் நாற்பது நிமிஷம் நடப்பதாக ஒரு மண்டலத்துக்கு, அதாவது 48 நாட்களுக்கு, விரதம் எடுத்துக்கொள்கிறார். அதே தை மாதத்தில்தான் கல்லூரியில் படிக்கும் மகள் தூள் வியாபாரத்துக்குத் திட்டம் எழுதத் தொடங்குகிறாள்.

விரதத்தின் அளவைப்பற்றி முதலில் ஒரு வார்த்தை. நம்மவர் எதற்கும் ஒரு மண்டலம் என்று வைப்பது வழக்கம். சர்க்கரை வியாதி விஷயத்தில் அது போதாது. சென்ற இரண்டு மூன்று மாதங்களின் சராசரி நிலைமையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. என்னும் இரத்தப் பரிசோதனையே நடையின் பலனை உள்ளபடி சொல்லும். ஆகவே இரண்டு மண்டலங்களைச் சேர்த்து 96 நாட்கள் என்று வைத்துக்கொண்டு, முதல் நாளுக்கு முன் ஒரு பரிசோதனையும், முடிந்தபின் ஒரு பரிசோதனையும் செய்துகொள்வதே சிலாக்கியம். செருப்பின்றி நடக்கலாகாது, சர்க்கரை வியாதிக்காரரின் காலில் பட்ட முள் எளிதில் ஆறாது. மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் வெறும் வயிற்றில் நடக்கலாமா என்பதை வைத்தியரிடம் கேட்டுக்கொண்டு, தலைசுற்றலுக்கு உதவியாய்க் கொஞ்சம் சர்க்கரையை முந்தானையில் முடிந்து வைத்திருப்பது நல்லது.

தெய்வத்துக்கு எடுத்த விரதமாயின் ஒரு நாள் தவறினாலும் முதலிலிருந்து எண்ணுவார்கள். நடைக்கு இந்த விதியை வைப்பது தவறு. முப்பது நாள் நடந்த பலனை முப்பத்தோராம் நாளின் காய்ச்சல் அழித்துவிடாது. அந்த நாளை வெறுமையாய் விட்டு, மறு நாள் தொடர வேண்டியதுதான். இரண்டு நாட்கள் அடுத்தடுத்துத் தவறாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி வியாபாரம். காய்க்காக மருந்து தெளித்த மரங்களின் இலையைத் தூளுக்கு எடுக்கவே கூடாது. கம்பளிப்புழுவுக்கும் காய் ஈக்கும் தெளிக்கிற மருந்து இலையில்தான் முதலில் படுகிறது. இலைக்கென்று தனியே சில வரிசைகளை ஒதுக்கி, இடுப்பளவுக்குக் கவாத்துச் செய்து, அவற்றின் பக்கம் தெளிப்பானைக் கொண்டுபோகாமலிருக்க வேண்டும். இவ்விதம் வளர்ப்பதில் 35 முதல் 45 நாட்களுக்கு ஒருமுறை கொத்து ஒடிக்கலாம். மேற்படி 96 நாட்களில் ஒரு மரத்தில் இரண்டு ஒடிப்புக்கு மேல் எதிர்பார்க்க முடியாதாகையால், பரீட்சைக்கு அதுவே போதிய அளவாகிறது.

பனி ஈரத்தோடு ஒடித்த இலை கறுத்துப்போகும். பனி உலர்ந்தபின் ஒடிக்க வேண்டும். இதில் நம் அம்மாளுக்கு ஓர் அனுகூலமும் இருக்கிறது. பனி உலர்வதற்குள் நடை முடிந்துவிடுகிறது. இலையைக் காம்பு நீக்கி உருவி, நல்ல தண்ணீரில் அலசி, நீரை வடித்து, தூசியும் ஈயும் வராத அறையில் வலைத்தட்டுகளில் பரப்ப வேண்டும். சதுர மீட்டருக்கு ஒரு கிலோவுக்கு மேல் பரப்பினால் அடியிலுள்ள இலை புழுங்கிவிடும். வெயிலில் நேரே காயவைத்தால் பச்சை நிறமும் ஜீவசத்துக்களும் குறைகின்றன. நான்கு நாட்களுக்குள் கையால் நொறுக்கினால் பொடியும்படி உலர்ந்துவிட வேண்டும். அதற்கு மேல் இழுத்தால் பூஞ்சணம் பிடிக்கும். பின்னர் அரைத்துச் சலித்து, காற்றும் வெளிச்சமும் புகாதபடி அடைக்க வேண்டும்.

பச்சை இலையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். உருவிய இலை 5 கிலோ உலர்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ தூள், அதாவது 100 கிராம் பொட்டலம் பத்து, கிடைக்குமென்று வைத்துக்கொள்வோம். மகள் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்த கணக்கு பின்வருமாறு இருக்கக்கூடும்: ஒடிக்க அரை மணி, உருவ மூன்று மணி, அலசிப் பரப்ப ஒரு மணி, நான்கு நாளும் கிளறிவிடக் கால் மணி வீதம் ஒரு மணி, அரைத்துச் சலிக்க ஒரு மணி, நிறுத்து அடைத்துச் சீட்டு ஒட்ட ஒரு மணி, படம் பிடித்துப் போடவும் கேட்பவர்களுக்குப் பதில் சொல்லவும் ஒன்றரை மணி, தபாலாபீசுக்குப் போய்வர ஒரு மணி. ஆகப் பத்துப் பொட்டலத்துக்குப் பத்து மணி நேரம். பொட்டலம் 100 ரூபாய் வீதம் விற்று, தபால் செலவை வாங்குபவர் தலையில் விட்டாலும், உறை, சீட்டு, மின்சாரம், சேதம் முதலியவற்றுக்கு 300 ரூபாய் போனால் மிச்சம் 700 ரூபாய். மணிக்கு 70 ரூபாய் என்றாகிறது. இதை உள்ளூர்க் களைக்கூலியோடு ஒத்துப்பார்ப்பது அவரவர் பொறுப்பு. ஒவ்வொரு வீட்டிலும் இத்தொகைகள் வேறுபடுமாகையால், சொந்தக் கடிகாரமே இதில் பிரமாணம்.

மாடு, அடுப்பு, வயல், நடை, உறக்கம் எல்லாம் போக அம்மாளிடமும் மகளிடமுமாகச் சேர்ந்து வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் மிஞ்சுகிறதென்றால், வாரத்துக்குப் பத்துப் பொட்டலந்தான் அந்த வீட்டு வியாபாரத்தின் எல்லை. முப்பது பொட்டலத்துக்கு ஆர்டர் வந்தால் சந்தோஷப்பட்டு ஒப்புக்கொள்வார்கள். மிகுதி பதினெட்டு மணி எங்கிருந்து வரும்? மாடு காத்திருக்காது, உலை காத்திருக்காது. ஒருவரும் கேட்காத செலவு விடியற்கால நடை ஒன்றுதான்; அடுத்தது உறக்கம். இரவு பதினொரு மணிக்குக் கைபேசியில் “இன்னும் பார்சல் வரவில்லையே” என்று கேட்கும் ஒருவருக்குப் பதில் எழுதியவர் மறுநாள் விடியுமுன் எழுந்து நடப்பாரென்று எதிர்பார்க்க இயலாது. மாலை ஆறு மணி முதல் ஏழு மணி வரையில்தான் பதில் கிடைக்கும் என்று கடைப் பக்கத்திலேயே எழுதிவைத்து, இரவில் கைபேசியை வேறு அறையில் வைப்பது, உலர்த்தும் தட்டு வாங்குவதைக் காட்டிலும் அவசரமான ஏற்பாடு.

இந்தச் சமயத்தில் உறவினர் யோசனைகள் வரும். கொழுந்தனார் வந்து, “நகையை வைத்து அறுபதாயிரம் வாங்கிச் சூரிய உலர்த்தி போட்டுவிடலாம் அண்ணி, வட்டி சொற்பந்தான்” என்பார். வாரம் 700 ரூபாய் மிச்சத்தில், வட்டியை அறவே மறந்துவிட்டாலும், அத்தொகையைத் திருப்ப 86 வாரங்கள் செல்லும். உலர்த்தி நேரத்தை மிச்சப்படுத்தாதா என்றால், மேற்கண்ட கணக்கில் உலர்த்துவதற்கு ஆகும் உழைப்பு ஒரு மணிதான். உருவுவதற்கே மூன்று மணி. கருவி எந்த வேலையைக் குறைக்கிறது என்று பாராமல் வாங்கிய கருவிகள் பல ஊர்களில் கொட்டகையில் கிடக்கின்றன. நகையை 96 நாட்கள் முடிந்து, இரண்டு ஒடிப்பின் கணக்கும் கையில் வந்த பிறகு யோசிக்கலாம்.

அவருடைய இரண்டாவது யோசனை இதைவிட அபாயகரமானது. அறுபதாம் நாள் வாக்கில் அம்மாளின் சர்க்கரை அளவு இறங்கியிருப்பதாகத் தெரிகிறது. “சர்க்கரை வியாதியைத் தீர்க்கும் தூள் என்று சீட்டில் அடியுங்கள் அண்ணி, உங்களையே சாட்சி சொல்லிப் படம் பிடித்துப் போட்டால் ஆயிரம் பேர் வாங்குவார்கள்” என்கிறார். அளவு இறங்கியது நடையினாலா, மாத்திரையினாலா, சோற்றைக் குறைத்ததினாலா என்று அவர் கேட்கவில்லை. நீரிழிவைக் குணப்படுத்துமென்று மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-ம் வருஷத்திய சட்டமே தடுத்திருக்கிறது. உணவுப் பொருளைப்பற்றி மயக்கும் விளம்பரம் செய்வோருக்கு 2006-ம் வருஷத்திய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 10 லட்சம் ரூபாய் வரையில் அபராதம் விதிக்கலாம். சட்டம் ஒருபுறமிருக்க, அந்தப் படத்தைப் பார்த்து எங்கோ ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டுத் தூளைக் கரைத்துக் குடிப்பாரானால் அவர் கதி என்ன? முருங்கைக் கீரை சத்துள்ள உணவு. அவ்வளவு சொல்லி விற்றால் போதும். அம்மாளின் நடை அவருடைய சொந்த விஷயம். அதைக் கடைச் சரக்காக்கிவிட்டால், ஒரு நாள் நடக்காதபோதும் நடந்ததாகச் சொல்ல வேண்டிய நெருக்கடியும் கூடவே வந்து சேரும்.

சீட்டில் இருக்க வேண்டியவை வேறு. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தில் பதிவு செய்து பெற்ற 14 இலக்க எண், தயாரிப்பவர் பெயரும் விலாசமும், நிகர எடை, அடைத்த மாதமும் வருஷமும், எத்தனை நாளைக்குள் உபயோகிக்க வேண்டுமென்பது, சகல வரிகளும் உட்பட்ட அதிகபட்ச விலை, குறைகூற விரும்புவோர் கூப்பிட வேண்டிய எண் ஆகியவை தெளிவாய் இருக்க வேண்டும். வரி விஷயத்தில் இன்னொன்று கவனிக்கத் தக்கது. பெரிய இணையக் கடைகளின் மூலமாகத் தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்கும் சிறு வியாபாரிகள், 1-10-2023 முதல், ஜி.எஸ்.டி. பதிவின்றிச் சேர்க்கை எண் ஒன்றை மட்டும் பெற்று விற்கலாம். வரிக்குட்பட்ட சரக்கைப் பெங்களூருக்கோ பம்பாய்க்கோ அனுப்பினாலோ, விற்பனை எவ்வளவு சொற்பமானாலும் பதிவு அவசியம். ஆரம்பத்தில் மாநில எல்லையைத் தாண்டாமலிருப்பது கணக்கு வேலையையும் குறைக்கும்.

பணத்தைச் சரக்கு சேர்ந்தபின் வாங்கும் முறை புதிதன்று. 1877-ம் வருஷத்திலேயே நம் தபால் இலாகா வி.பி.பி. முறையை ஏற்படுத்தியது. விதையும் புத்தகமும் அவ்வாறு அனுப்பிய வியாபாரிகள், வாங்க மறுக்கப்பட்டுத் திரும்பிவரும் பார்சல்களால் பட்ட அவஸ்தையைப் பழையவர்கள் சொல்லக் கேட்டிருக்கலாம். இன்றைய இணைய விற்பனையிலும் அதே தொல்லைதான். திரும்பிவந்த ஒரு பொட்டலத்தின் போக்குவரத்துச் செலவு மூன்று பொட்டலத்தின் லாபத்தைத் தின்றுவிடக்கூடும். 2016-ம் வருஷத்தில் ஏற்பட்ட யு.பி.ஐ. முறையில் பணம் முன்னதாகவே கைக்கு வந்துவிடுவதால், பத்துப் பொட்டலக்காரர்கள் முன்பணம் வந்தபின் அனுப்புவதென்றே வைத்துக்கொள்ளலாம். வாடிக்கைக்காரர் சிலர் குறைவார்கள், குறையட்டும்.

கணக்குக்கு இரண்டு ரூபாய்ச் சங்கதியன்று, ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். இடப்பக்கத்தில் நடந்த நிமிஷம், வலப்பக்கத்தில் வியாபாரத்துக்குச் செலவான நேரமும் வரவு செலவும் அன்றன்று எழுதப்பட வேண்டும். எந்த வாரத்தில் வலப்பக்கம் நிறைந்து இடப்பக்கம் வெறுமையாகிறதோ, அடுத்த வாரத்துக்கு ஆர்டரைப் பாதியாக்கிவிட வேண்டுமென்று முன்கூட்டியே வீட்டார் எல்லோரும் ஒப்புக்கொண்டிருப்பது நலம். ஆர்டர் வந்து நிற்கும்போது பேசிக்கொள்ளலாம் என்றால் அப்போது ஒருவரும் ஒப்பார்.

தையில் தொடங்கினால் சித்திரை முதல் வாரத்தில் 96 நாட்கள் நிறைகின்றன. வெயில் காலமெல்லாம் இலை நன்றாக உலரும். ஐப்பசி கார்த்திகையில் காற்றிலேயே ஈரமிருப்பதால் நான்கு நாளில் உலராது. உலர்ந்த தூளும் பொட்டலத்தைத் திறந்த மாத்திரத்தில் ஈரம் வாங்கிக் கட்டிபட்டுப்போகும். அவ்விரு மாதங்களிலும் விற்பனை இல்லை என்று புரட்டாசியிலேயே கடைப் பக்கத்தில் அறிவித்துவிட வேண்டும். நடைக்கு விடுமுறை கிடையாது. மழை நாட்களில் கூரையுள்ள களத்திலோ, மாட்டுக் கொட்டகைத் தாழ்வாரத்திலோ நாற்பது நிமிஷம் மேலும் கீழுமாக நடக்கலாம்.