மூணாம் மாசமா, நாலாம் மாசமா?

2023 ஜூலை. வருமான வரி ரிட்டர்ன் போடக் கடைசி வாரம். நியூ ஜெர்ஸியில் பதினைந்து வருஷம் குப்பை கொட்டிவிட்டு முந்தின வருஷம் சென்னை திரும்பிய நண்பன், லேப்டாப்பும் கையுமாக வந்து நின்றான்.

"டேய், நீ பி.காம்தானே? கொஞ்சம் பாரேன். கணக்கு உதைக்குது!"

அமெரிக்காவில் அவனுக்கு இந்தக் கவலையே இல்லை. பேங்க், கிரெடிட் கார்டு எல்லாவற்றையும் ஒரு சாஃப்ட்வேரே இழுத்து வந்து, மளிகைக்கு இவ்வளவு, பெட்ரோலுக்கு இவ்வளவு என்று படம் போட்டுக் காட்டிவிடும். சென்னையில் எல்லாம் மக்கர். மேக் கம்ப்யூட்டரில் எழுதிய பழைய கணக்கு, புது விண்டோஸ் லேப்டாப்பில் திறக்க மறுத்தது. அந்த சாஃப்ட்வேருக்கு நம்ம ஊர் பேங்க்குகளையும் தெரியாது.

வேறு வழியில்லாமல் பேங்க் ஸ்டேட்மென்ட்டை இறக்கி எக்ஸெலில் திறந்திருக்கிறான். லேப்டாப் இருந்ததோ அமெரிக்கத் தேதி முறையில். அங்கே மாதம் முன்னால், தேதி பின்னால். 15/04 என்றால் பதினைந்தாம் மாதம் ஏது? கம்ப்யூட்டர் அதைத் தேதியாகவே ஏற்கவில்லை. அவற்றை நண்பன் கையால் திருத்திவிட்டான். ஆனால் 12-ம் தேதி வரை உள்ளவை சத்தமில்லாமல் இடம் மாறியதை அவன் கவனிக்கவில்லை.

ஏப்ரல் 3-ல் வந்த கன்சல்டன்ஸி ஃபீஸ் 1,40,000 ரூபாய், மார்ச் 4-க்குப் போய் உட்கார்ந்திருந்தது. ஒரு மாத வித்தியாசம்தானே என்கிறீர்களா? நடுவில் மார்ச் 31 இருக்கிறதே, ஸார்! அடுத்த நிதியாண்டு வருமானத்துக்கு இந்த வருஷமே வரி கட்டியிருப்பான். பாஸ்புக்கில் இருந்த மார்ச் 31 பாலன்ஸோடு ஒத்துப் பார்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது.

இந்தக் குழப்பத்துக்கு மருந்து எப்போதோ வந்துவிட்டது. குவிக்கன் சாஃப்ட்வேரின் இன்ட்யூட் கம்பெனியை 1994-ல் மைக்ரோஸாஃப்ட் வாங்கப் பார்த்தது. அமெரிக்க நீதித்துறை வழக்குப் போட, 1995-ல் கைவிட்டது. 1997-ல் அதே இருவரும் செக்ஃப்ரீ கம்பெனியோடு கைகோத்து ஓ.எஃப்.எக்ஸ். என்ற பொது வடிவத்தை அறிவித்தார்கள். அதில் தேதி 20230403. வருஷம், மாதம், தேதி. சண்டையே இல்லை. ஆனால் பேங்க் அதைக் கொடுத்தால்தானே? ஜெர்மனி தனக்கென ஒரு முறை வைத்துக்கொண்டது. இந்தியாவில் 2021-ல் அக்கவுன்ட் அக்ரிகேட்டர் வந்தது. நம் சம்மதத்தோடு கணக்கு விவரங்களை வாங்கித் தரும். ஆனால் இந்திய எல்லைக்குள்தான்.

சாஃப்ட்வேர்களுக்கும் ஆயுள் கெட்டியில்லை. மைக்ரோஸாஃப்ட் மணி விற்பனை 2009-ல் நின்றது. மின்ட் 2024-ல் மூடப்பட்டது.

ஆகவே, மாதம் ஒருமுறை ஸ்டேட்மென்ட்டை இறக்கி உங்களிடமே ஒரு காப்பி வையுங்கள். தேதியை வருஷத்தில் ஆரம்பித்து எழுதுங்கள். மார்ச் 31 பாலன்ஸை மட்டும் யாரையும் நம்பாமல் நீங்களே டேலி பண்ணுங்கள்.

ரிட்டர்ன் நல்லபடியாகப் போனது. நண்பன் நன்றியோடு மெசேஜ் அனுப்பினான்: "8/9 அன்னிக்கு ட்ரீட், மறக்காம வா!"

ஆகஸ்டா, செப்டம்பரா?