அந்த ஏழு கிலோ அம்மாவுக்கே!



மகளுக்கோ மருமகளுக்கோ அமெரிக்காவில் பிரசவம் என்றால், இங்கிருந்து அம்மாவோ மாமியாரோ கிளம்புவது இப்போது தெருவுக்குத் தெரு நடக்கிற விஷயமாகிவிட்டது. பெரிய பெட்டியில் என்ன வைக்க வேண்டும் என்று ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள். விமானத்துக்குள் கையோடு எடுத்துப் போகிற பையைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. கடைசி நிமிஷத்தில் பெட்டியில் எது அடங்கவில்லையோ, அது அந்தப் பைக்குள் போய்விடுகிறது. வடாம், அப்பளம், பருப்புப் பொடி, பேரக் குழந்தைக்குச் சட்டை, மாப்பிள்ளைக்கு முறுக்கு என்று பை நிறைந்துவிடும். போகிறவருக்குத் தேவையான மாத்திரையும் போர்வையும் பெட்டியின் அடியில் கிடக்கும்.

2024-ல் என் அம்மா, தங்கையின் பிரசவத்துக்காகச் சென்னையிலிருந்து துபாய் வழியாக சான்பிரான்சிஸ்கோ போனார். துபாய்க்கு நாலு மணி நேரம், அங்கே காத்திருப்பு, பிறகு ஒரே மூச்சில் சுமார் பதினாறு மணி நேரம். அம்மாவுக்கு வயது அறுபத்து நாலு. பத்து வருஷமாகச் சர்க்கரை; இரண்டு வேளை இன்சுலின். பெரும்பாலான விமானங்களில் சாதாரண வகுப்புக்குக் கைப்பை 7 கிலோதான். அம்மா கட்டி வைத்திருந்த பையைத் தராசில் வைத்தேன். ஏழே கால் கிலோ. அதில் அம்மாவுடையது என்று இருந்தது ஒரு மூக்குக் கண்ணாடி மட்டும்.

"என்னம்மா இது, உன் மருந்து எங்கே?" என்றேன்.

"பெட்டியிலே பத்திரமா வெச்சிருக்கேன்டி. இது உன் தங்கச்சிக்கு. ஆசையா கேட்டா, பாவம். எனக்கு என்ன, ஒரு நாள் தானே, சமாளிச்சுக்குவேன்" என்றார்.

இந்த "சமாளிச்சுக்குவேன்" இருக்கிறதே, அதுதான் நம் வீட்டுப் பெண்களின் வியாதி. அன்று உட்கார்ந்து பையை முழுசாகக் கொட்டிவிட்டு மறுபடி அடுக்கினோம். எதை வைத்தோம், எதை எடுத்தோம் என்று எழுதுகிறேன். யாருக்காவது உதவும்.

முதல் இடம் மருந்துக்கு

இன்சுலினைப் பெட்டியில் வைத்து அனுப்பவே கூடாது. விமானத்தின் அடியில் சரக்கு வைக்கும் இடத்தில் குளிர் மிக அதிகமாகலாம். ஒரு தடவை உறைந்துபோன இன்சுலின் வேலை செய்யாது. அதனால் கைப்பையில், ஒரு சின்ன குளிர்காப்புப் பையில் வைத்தோம். ஊசி, சர்க்கரை பார்க்கும் கருவி, பிரஷர் மாத்திரை எல்லாமே பயண நாட்களுக்கு மேல் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக எடுத்துக்கொண்டோம். மாத்திரைகளை டப்பாவில் கொட்டாமல் அட்டையோடு, பெயர் தெரிகிற மாதிரி வைக்க வேண்டும்.

டாக்டரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்குங்கள். அதில் மருந்தின் கம்பெனிப் பெயரோடு மருந்தின் பொதுப் பெயரும் இருக்கட்டும். நம்மூர் கம்பெனிப் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. இன்னொன்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கோடையில் நமக்கும் சான்பிரான்சிஸ்கோவுக்கும் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். எந்த நேரத்தில் எந்த ஊசி என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். எங்கள் டாக்டர், "சாப்பாட்டுத் தட்டு கைக்கு வந்த பிறகே ஊசி" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். விமானத்தில் சாப்பாடு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஊசி போட்டுவிட்டுக் காத்திருந்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வந்துவிடும். அதற்காகக் கை எட்டும் இடத்தில் குளுக்கோஸ் மாத்திரையும் நாலு மிட்டாயும் வைத்தோம்.

பைக்குள் ஒரு பை

மருந்து, பாஸ்போர்ட், டிக்கெட், கண்ணாடி, கொஞ்சம் டாலர், செல்போன் ஆகியவற்றைத் தனியாக ஒரு தோள்பையில் போட்டு, அதைக் கைப்பைக்குள் வைத்தோம். இதற்கு இரண்டு காரணம். தலைக்கு மேலே இருக்கிற அறையிலிருந்து வயதானவர்கள் அடிக்கடி பையை இறக்க முடியாது. தோள்பையை எடுத்து முன் சீட்டின் அடியில் வைத்துக்கொள்ளலாம். அதோடு, மேலே இடம் நிறைந்துவிட்டால் விமான வாசலிலேயே கைப்பையை வாங்கிச் சரக்கோடு போட்டுவிடுவதும் உண்டு. அப்போது தோள்பையை மட்டும் உருவிக்கொண்டு ஏறிவிடலாம்.

தங்கையின் விலாசம், இரண்டு போன் நம்பர், எத்தனை நாள் தங்கப்போகிறார் என்பதை ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதி அந்தப் பையில் வைத்தோம். இமிக்ரேஷனில் இதைத்தான் கேட்பார்கள். எல்லாம் செல்போனில் இருக்கிறது என்று இருந்துவிடாதீர்கள், சார்ஜ் போனால் ஒன்றும் இல்லை. பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும், பெட்டியில் போடக் கூடாது. உள்ளே அதைப் பயன்படுத்தக் கூடாது என்று இப்போது பல விமானங்களில் தடை வந்துவிட்டது.

எடுத்து வெளியே வைத்தவை

ஊறுகாய், நெய், தொக்கு, தலைக்கு எண்ணெய். இவை எல்லாமே திரவக் கணக்கில் சேரும். 2006 ஆகஸ்டில், லண்டனிலிருந்து கிளம்பும் விமானங்களைத் திரவ வெடிமருந்தால் தகர்க்கும் சதி ஒன்று பிடிபட்டது. அதன் பிறகு வந்ததுதான் 100 மில்லிக்கு மேல் கூடாது என்கிற விதி. மருந்துக்கு மட்டும் விலக்கு உண்டு.

சாம்பார்ப் பொடி, பருப்புப் பொடி. அமெரிக்கா போகும் விமானங்களில் 2018 ஜூன் 30 முதல், 350 மில்லி அளவுக்கு மேல் பொடி இருந்தால் தனியாகச் சோதிக்கிறார்கள், எடுத்து வைத்துவிடவும் செய்வார்கள். அதனால் பொடி எல்லாம் பெட்டிக்குப் போயிற்று.

கற்பூரமும் தீப்பெட்டியும். பூஜைக்கு என்று அம்மா வைத்திருந்தார். சுலபமாகத் தீப்பிடிக்கும் பொருள் என்பதால் கைப்பையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது.

கசகசா. இதைப் பிரசவ மருந்து சாமான்களோடு பெட்டியில் பொட்டலமாகக் கட்டியிருந்தார். ஐக்கிய அரபு நாட்டில் கசகசா தடை செய்யப்பட்ட பொருள். துபாய் வழியாகப் போகிறவர்கள் கைப்பையிலும் பெட்டியிலும் ஒரு பிடிகூட வைக்க வேண்டாம்.

பச்சைக் கறிவேப்பிலை. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்புகிற பூச்சி அதில் வரலாம் என்று அமெரிக்காவில் விடமாட்டார்கள். சாப்பிடும் பொருள் இருக்கிறதா என்று சுங்கத்தில் கேட்டால், "இருக்கிறது" என்று உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். மறைத்தால்தான் அபராதம்.

உடம்புக்கு வேண்டியவை

விமானத்துக்குள் ஏசி குளிர் எலும்பைத் துளைக்கும். காற்றும் மிகவும் வறண்டது, தொண்டை காய்ந்துவிடும். ஒரு சால்வை, காலுறை, மாற்று உள்ளாடை, ஒரு நூல் புடவையும் ரவிக்கையும், உதட்டுக்குத் தடவ ஒரு களிம்பு வைத்தோம். காலி தண்ணீர் பாட்டில் ஒன்றும் வைத்தோம். சோதனை முடிந்த பிறகு அதில் பிடித்துக்கொள்ளலாம்.

வெளிப்படையாக ஒன்று சொல்கிறேன். நம் அம்மாக்கள் பலருக்கு இருமினாலோ தும்மினாலோ சிறுநீர் கசியும். இதை யாரிடமும் சொல்ல மாட்டார்கள். பாத்ரூம் போக வேண்டுமே என்று பயந்து, தண்ணீரே குடிக்காமல் சீட்டிலேயே உட்கார்ந்திருப்பார்கள். நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் கால் நரம்பில் ரத்தம் உறையும் ஆபத்து கூடுகிறது. அது நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. ஆகவே நாலைந்து பேட் கைப்பையில் வையுங்கள். நடைபாதை ஓரச் சீட்டாகக் கேட்டு வாங்குங்கள். மணிக்கொரு தரம் பாதத்தை மேலும் கீழும் அசைக்கச் சொல்லுங்கள், இரண்டு மணிக்கொரு தரம் எழுந்து நடக்கச் சொல்லுங்கள்.

சைவச் சாப்பாடு சாப்பிடுகிறவர்கள் டிக்கெட் எடுக்கும்போதே "ஏஷியன் வெஜிடேரியன் மீல்" என்று கேளுங்கள். "ஹிந்து மீல்" என்று ஒன்று இருக்கிறது. பெயரைப் பார்த்துச் சைவம் என்று நினைத்துவிடாதீர்கள், அதில் அசைவம் வரும். எதற்கும் கைப்பையில் நாலு சப்பாத்தி, கொஞ்சம் வறுத்த கடலை இருக்கட்டும். மிச்சத்தை இறங்குவதற்கு முன் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும்.

நகையைப் பெட்டியில் வைக்க வேண்டாம். போட்டுக்கொள்வதையும் தாலியோடு இரண்டு வளையலாகக் குறைத்துக்கொண்டால் சோதனை சீக்கிரம் முடியும்.

இத்தனைக்கும் பை ஐந்தரை கிலோதான் வந்தது. மீதி ஒன்றரை கிலோவுக்குத் தங்கையின் முறுக்கை அம்மா கையாலேயே வைக்கச் சொன்னேன். அவருக்கும் மனசு ஆறியது.

சான்பிரான்சிஸ்கோவில் அம்மா இறங்கினார், பெட்டிகள் இறங்கவில்லை. மூன்று நாள் கழித்துத்தான் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. அம்மாவுக்கு அந்த மூன்று நாளும் ஒரு வேளை ஊசிகூடத் தவறவில்லை. மருந்து பெட்டியில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அங்கே டாக்டர் சீட்டு இல்லாமல் பெரும்பாலான மருந்துகளை வாங்க முடியாது. அந்த டாக்டரை நினைத்த நேரத்தில் பார்க்கவும் முடியாது. நிறைமாதத் தங்கை, அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்க வேண்டும்.

பெட்டி வரவில்லை என்றால், விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே அங்குள்ள கவுண்டரில் புகார் எழுதி, அந்தத் தாளை வாங்கிக்கொள்ள வேண்டும். போர்டிங் பாஸோடு கொடுக்கிற லக்கேஜ் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள், புகாருக்கு அதுதான் அத்தாட்சி. 21 நாளாகியும் வராவிட்டால், தொலைந்ததாகக் கணக்கிட்டு நஷ்டஈடு கேட்கலாம்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலிருந்து யாராவது பிரசவத்துக்குக் கிளம்பினால், முந்தின நாள் ராத்திரி அந்தக் கைப்பையை ஒரு தடவை திறந்து பாருங்கள். அதில் போகிறவருடைய சாமான் எவ்வளவு, மற்றவர்களுக்கானது எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு பெரிய பெட்டியும் பிள்ளைகளுக்குப் போகட்டும். அந்த ஏழு கிலோ மட்டும் அம்மாவுக்கே இருக்கட்டும்.

– ஒரு குடும்பத் தலைவி, கும்பகோணம்