எடை குறைந்த காரும் பந்தயத் தளமும்

இங்கிலாந்தில் சில்வர்ஸ்டோன், குட்வுட், ஸ்னெட்டர்ட்டன், காசில் கோம்ப் எனப் பல கார்ப் பந்தயத் தளங்கள் உள்ளன. இந்த நான்கும் இரண்டாம் உலகப் போரின்போது விமானத் தளங்களாக இருந்தவை. போர் முடிந்தது, விமானங்கள் போயின, அகன்ற தார்ப்பாதைகள் மட்டும் மிஞ்சின. கார்ப் பிரியர்கள் அவற்றை விட்டுவைப்பார்களா? நம் சென்னைக்கு வடக்கே சோழவரத்திலும் இதே கதைதான். போர்க்கால விமானப் பாதையில் பல ஆண்டுகள் கார்ப் பந்தயங்கள் நடந்தன. பிறகு, 1990-இல், இருங்காட்டுக்கோட்டையில் தனித் தளமே அமைந்தது.

பந்தயம் இல்லாத நாட்களில் இத்தகைய தளங்களைக் கட்டணம் வாங்கிக்கொண்டு பொதுமக்களுக்குத் திறந்துவிடும் வழக்கம் இங்கிலாந்தில் உண்டு. இதற்கு ‘டிராக் டே’ என்று பெயர். அலுவலகத்துக்குப் போகும் காரையே கொண்டுவந்து ஓட்டலாம். இது பந்தயம் அன்று. பரிசு இல்லை, வெற்றி தோல்வி இல்லை. முன்னால் செல்பவர் வழி விட்டால்தான் முந்தலாம். அதையும் நேர்பாதையில்தான் செய்யலாம். எதிரே வண்டி வராது, குறுக்கே ஆடு மாடு வராது. காரின் இயக்கவியலைக் கற்க இதைவிட நல்ல ஆய்வுக்கூடம் கிடையாது.

அப்படிப்பட்ட இடத்துக்கு எந்தக் காரைக் கொண்டுபோவது? ‘குதிரைத்திறன் எதில் அதிகமோ அதை’ என்றுதான் உங்களில் பலர் சொல்வீர்கள். காலின் சாப்மன் (1928–1982) என்ற பொறியாளர் வேறு விதமாக எண்ணினார். லோட்டஸ் நிறுவனத்தை நிறுவியவர் அவர். எஞ்சினைப் பெரிதாக்குவதைவிட, தேவையற்ற எடையைக் கழற்றி எறிவதே மேல் என்பது அவருடைய கொள்கை. 1957-இல் அவர் வெளியிட்ட ‘லோட்டஸ் செவன்’ காரில் எஃகுக் குழாய்ச் சட்டம், மெல்லிய அலுமினியத் தகடு, நான்கு சக்கரம், இரண்டு இருக்கை இவற்றைத் தவிர அதிகமாக எதுவும் இல்லை! 1973-இல் அதன் உரிமையை வாங்கிய கேட்டர்ஹாம் நிறுவனம் அதன் வழித்தோன்றல்களை இன்றும் செய்து வருகிறது.

அவர் எண்ணியது சரியா என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். 750 கி.கி. எடையும் 120 குதிரைத்திறனும் உள்ள ஒரு சிறிய கார், 1,500 கி.கி. எடையும் 240 குதிரைத்திறனும் உள்ள ஒரு பெரிய கார். எடைக்கும் திறனுக்கும் உள்ள விகிதம் இரண்டிலும் ஒன்றே. ஆகவே நேர்பாதையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே முடுக்கத்துடன் பாயும். இதில் யாருக்கும் சந்தேகம் இராது.

வளைவில் என்ன ஆகும்? பௌதிகப் பாடத்தைப் புரட்டுங்கள். வளைவில் திரும்பத் தேவையான மைய நோக்கு விசை, நிறையைப் பொறுத்தது. அதைத் தரும் உராய்வு விசையும் நிறையைப் பொறுத்தது. சமன்பாட்டின் இரு புறமும் நிறை வருவதால் அது அடிபட்டுப் போகிறது. உராய்வுக் கெழு 1 என்றும் வளைவின் ஆரம் 50 மீட்டர் என்றும் கொண்டால், மிகுதியான வேகம் மணிக்குச் சுமார் 80 கி.மீ. சிறிய காரோ பெரிய காரோ, அதே 80! அப்படியானால் சாப்மன் எடையைக் குறைத்ததெல்லாம் வீண் வேலைதானா?

இல்லை. மரக்கட்டையையும் மேசையையும் வைத்து நாம் கற்ற உராய்வு விதியை ரப்பர் முழுமையாக மதிப்பதில்லை. விதிப்படி, அழுத்தும் சுமை இரு மடங்கானால் உராய்வு விசையும் இரு மடங்காக வேண்டும். டயரில் அது இரு மடங்குக்குச் சற்றுக் குறைவாகவே கூடுகிறது. ரப்பர் மென்மையானது, தாரின் மேடு பள்ளங்களுக்குள் நசுங்கிப் புகுந்துதான் அது பிடிக்கிறது. சுமை ஏற ஏற, மேலும் நசுங்க இடம் குறைகிறது. எனவே சுமை கூடும்போது டயரின் உராய்வுக் கெழு சிறிது சிறிதாகக் குறைகிறது. ஒரே டயரைப் பூட்டினால் இலேசான கார் வளைவில் வேகமாகப் போவதன் இரகசியம் இதுதான்.

இதே உண்மைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பேருந்து வேகமாகத் திரும்பும்போது பயணிகள் வெளிப்பக்கம் சாய்கிறார்கள் அல்லவா? காரின் பாரமும் அவ்வாறே வெளிப்புறச் சக்கரங்களுக்கு மாறுகிறது. எவ்வளவு மாறும்? காரின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 45 செ.மீ. உயரத்திலும், இடது வலது சக்கரங்களுக்கு இடைவெளி 145 செ.மீ. ஆகவும் இருப்பதாகக் கொள்வோம். பக்கவாட்டு முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்துக்குச் சமமானால், எடையில் 45/145 பங்கு, அதாவது 31 சதவீதம், மாறிவிடும். 750 கி.கி. காரில் வெளிப்பக்கச் சக்கரங்கள் சுமார் 608 கி.கி. சுமக்கும், உள்பக்கச் சக்கரங்களுக்கு 142 கி.கி.தான். உள் டயர் இழந்த பிடிப்பை வெளி டயர் முழுவதும் ஈட்டித் தருவதில்லை என்பதை மேலே பார்த்தோம். ஆகவே ஈர்ப்பு மையம் எவ்வளவு தாழ்வோ அவ்வளவு நன்மை. இத்தகைய கார்களில் உட்கார்ந்தால் தரையிலேயே உட்கார்ந்ததுபோல் இருப்பது அழகுக்காக அன்று.

இனி பிரேக்குக்கு வருவோம். உயிரைக் காப்பதும் கைவிடுவதும் இங்குதான். நேர்பாதையின் முடிவில் நம் சிறிய கார் மணிக்கு 160 கி.மீ. வேகத்தில் வருகிறது, வளைவுக்காக 60 கி.மீ.க்குக் குறைக்க வேண்டும். இயக்க ஆற்றலில் ஏற்படும் வேறுபாட்டைக் கணக்கிட்டால் சுமார் 6 இலட்சத்து 37 ஆயிரம் ஜூல் வருகிறது. அறை வெப்பத்தில் இருக்கும் இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய இவ்வளவு ஆற்றல் போதும். அடுப்பில் வைத்தால் பல நிமிடங்கள் ஆகும் அந்த வேலையை பிரேக் மூன்றே விநாடிகளில் செய்கிறது! காற்றின் தடையைக் கணக்கில் சேர்க்காவிட்டால், அந்த மூன்று விநாடிகளும் பிரேக்கின் திறன் சுமார் 300 குதிரைத்திறன். எஞ்சினோ வெறும் 120. காரிலேயே வலிமை மிக்க உறுப்பு எது என்று இப்போது சொல்லுங்கள்.

இவ்வளவு ஆற்றலும் வெப்பமாகிறது. நான்கு சக்கரங்களின் இரும்பு வட்டுகளும் சேர்ந்து 20 கி.கி. என்று வைத்துக்கொண்டால், ஒரு முறை மிதித்தவுடன் அவற்றின் வெப்பநிலை சுமார் 70° செ. உயரும். அதே வட்டுகள் பெரிய காரில் இருந்தால் 140° செ. உயரும். சாலையில் இப்படி எப்போதோ ஒரு முறைதான் மிதிக்கிறோம். தளத்தில் ஒவ்வொரு சுற்றிலும் பல முறை மிதிக்கிறோம். முழுவதும் ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடுகிறது. சில சுற்றுகளில் வட்டுகள் பல நூறு டிகிரியை எட்டுகின்றன.

அந்தச் சூடு பிஸ்டன் வழியாக பிரேக் ஆயிலுக்குப் போகிறது. பட்டறையில் ‘ஆயில்’ என்கிறோமே தவிர, பெரும்பாலான கார்களில் அது எண்ணெய் அன்று. கிளைக்கால் ஈதர் வகையைச் சேர்ந்த திரவம். காற்றிலுள்ள ஈரத்தை அது மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். ‘டாட் 4’ என்ற தரத்தின்படி, புதிய திரவத்தின் கொதிநிலை குறைந்தது 230° செ. இருக்க வேண்டும். 3.7 சதவீதம் நீர் கலந்தபின் 155° செ. இருந்தால் போதும். எவ்வளவு வீழ்ச்சி, பாருங்கள்! திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது. அதனால்தான் பாஸ்கல் விதிப்படி காலின் அழுத்தம் சக்கரம் வரை செல்கிறது. ஆவியை எளிதில் சுருக்கலாம். பழைய திரவம் கொதித்துக் குமிழி விட்டால், பெடல் தரைவரை போகும், கார் நிற்காது. ஐந்து நிமிடத்துக்கு முன்பு வரை நன்றாக இருந்த பிரேக்தான் அது! எனவே தளத்துக்குப் போகுமுன் செய்யவேண்டிய முதல் செலவு, புதிய பிரேக் ஆயில். பளபளக்கும் புதிய சக்கரம் வாங்குகிறவர்கள் இந்தச் சிறு டப்பாவை மறந்துவிடுவது விந்தையே.

வட்டைக் கவ்வும் பேடுகளிலும் கவனம் தேவை. சாதாரணச் சாலைப் பேடு மிகுந்த சூட்டில் பிடிப்பை இழக்கும். பந்தயப் பேடு சூட்டைத் தாங்கும். ஆனால் குளிர்ந்திருக்கும்போது சரியாகப் பிடிக்காது. வீட்டிலிருந்து ஓட்டிக்கொண்டே தளத்துக்குப் போகிறவருக்கு இரண்டுக்கும் இடைப்பட்ட வகையே ஏற்றது.

சரி, எந்தக் காரை வாங்குவது? கேட்டர்ஹாம் எடையில் எல்லாவற்றையும் வெல்லும். மழையில் நனைய ஆயத்தமாக இருக்கவேண்டும், அவ்வளவுதான். 1996-இல் விற்பனைக்கு வந்து 2021 வரை தயாரான ‘லோட்டஸ் எலீஸ்’ இன்னொன்று. அலுமினியத் துண்டுகளை எப்பாக்சிப் பசையால் ஒட்டிச் செய்த அதன் சேசிஸ் 68 கி.கி.தான், முதல் எலீஸின் மொத்த எடையே 725 கி.கி. அளவில் இருந்தது. ஆனால் ஒட்டிய சேசிஸ் விபத்தில் வளைந்துவிட்டால் அதை எளிதில் பற்றவைத்துச் சரிசெய்ய முடியாது. பழையதை வாங்குவோர் அடியில் படுத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். மூன்றாவது, 1989-இல் ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் வெளியிட்ட ‘எம்எக்ஸ்-5’. எடை ஒரு டன்னை நெருங்கும். ஆனாலும் பத்து இலட்சத்துக்கு மேல் விற்றதால் உதிரிப் பாகங்கள் மலிவு. புதிதாகக் கற்பவருக்கு நான் இதையே சொல்வேன். இங்கிலாந்தில் குளிர்காலத்தில் பனி உருகச் சாலைகளில் உப்பைத் தூவுகிறார்கள். உப்பு நீர் நல்ல மின்பகுளி. இரும்பை விரைவில் அரிக்கும். எனவே கதவுகளுக்குக் கீழே உள்ள தகட்டைத் தட்டிப் பார்ப்பது அவசியம். திறந்த காராதலால், தலைக்குப் பின்னே உறுதியான எஃகு வளையமும் பூட்ட வேண்டும்; கவிழ்ந்தால் காப்பது அதுவே.

தளத்துக்குப் புறப்படுமுன் எஞ்சின் ஆயிலை மேல் கோடு வரை நிரப்ப வேண்டும். காரணம் உண்டு. ஓடும் பேருந்தில் வாளித் தண்ணீர் சாய்வதைப் பார்த்திருப்பீர்கள். முன் சொன்ன வளைவில் ஆயிலின் மேற்பரப்பு 45 டிகிரி சாய்ந்து நிற்கும். அடித்தொட்டியில் ஆயில் குறைவாக இருந்தால், பம்ப் ஆயிலுக்குப் பதில் காற்றை உறிஞ்சும். ஆயில் படலம் அற்றுப்போன பேரிங் விநாடிகளில் கெட்டுவிடும். ஆயில் ஒதுங்காமல் இருக்கத் தொட்டிக்குள் தடுப்புத் தகடு வைப்பதும் உண்டு.

மாற்றுச் சக்கரம், ஜாக்கி, தரை விரிப்பு, பெட்டிக்குள் கிடக்கும் பொருள்கள் எல்லாவற்றையும் இறக்கிவிட வேண்டும். எடை குறையும், பெடலுக்கு அடியில் எதுவும் உருண்டு வந்து சிக்காது. இதில் காசு செலவே இல்லை. ஓட்டுபவர் தம் தொப்பையைக் குறைத்தாலும் அதே பலன்தான்! சக்கர நட்டுகளைச் சரியான முறுக்கு விசைக்கு இறுக்கி, சில சுற்றுகளுக்குப் பின் மறுபடி பார்க்க வேண்டும்.

டயர்க் காற்றிலும் ஒரு பாடம் இருக்கிறது. காலையில் 20° செ. வெப்பநிலையில் 26 பவுண்டு காற்று வைத்ததாகக் கொள்வோம். வளிமண்டல அழுத்தம் 14.7 பவுண்டையும் சேர்த்தால் 40.7. ஓடி ஓடி உள்ளே 70° செ. ஆனதும், கெல்வின் அளவில் 293-லிருந்து 343 ஆகிறது. அழுத்தம் அதே விகிதத்தில் கூடி, மானியில் ஏறக்குறைய 33 பவுண்டு காட்டும்! டயர் நடுவில் உப்பி, தரையைத் தொடும் பரப்புக் குறையும். எனவே சூடாக இருக்கும்போதே அளந்து, மிகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். வீடு திரும்புமுன், டயர் ஆறியபின், மறுபடி நிரப்ப மறக்கக்கூடாது.

ஓட்டி முடித்தவுடன் நேரே வந்து நிறுத்திவிடக்கூடாது. கடைசிச் சுற்றை, பிரேக்கைத் தொடாமல் மெதுவாக ஓட்டினால், வட்டுகளின் மேல் காற்று வீசி அவை ஆறும். நிறுத்தியபின் கைப்பிரேக்கை இழுக்கக்கூடாது. இழுத்தால் சூடான பேடு வட்டின் ஒரே இடத்தை அழுத்திக்கொண்டிருக்கும். அந்த இடம் மட்டும் ஆறாமல், பேடின் பொருள் அங்கே ஒட்டிக்கொள்ளும். அடுத்த முறை மிதிக்கும்போது பெடல் அதிரும். கியரில் போட்டுவிட்டு, சக்கரத்துக்கு ஒரு கட்டை வைத்துவிட்டு இறங்கினால் போதும்.