பில் போடும் சர்வருக்கு நாடி பார்ப்பது எப்படி?



பேரேடு, சிட்டை, இருப்புக் கணக்கு எல்லாம் இன்று ஒரே பெட்டிக்குள் அடங்கிவிட்டன. மூன்று கவுன்ட்டரில் பில் போட்டாலும் போய்ச் சேருவது உள்ளே இருக்கும் ஒரு சர்வரில்தான். பல பில் சாஃப்ட்வேர்களில் மைக்ரோசாஃப்ட்டின் 'எஸ்.க்யூ.எல். சர்வர் எக்ஸ்பிரஸ்' என்ற இலவச டேட்டாபேஸைத்தான் போட்டுத் தருகிறார்கள். (டேலி தன் சொந்தக் கோப்புகளில் எழுதுவது, அதற்கு இதில் பாதிதான் பொருந்தும்.)

இலவசத்துக்கு ஓர் அளவு உண்டு. 2012 முதல் 2022 வரை வந்த எக்ஸ்பிரஸ் பதிப்புகளில் ஒரு டேட்டாபேஸ் 10 ஜி.பி.க்கு மேல் வளராது. 2025 பதிப்பில் இது 50 ஜி.பி. அளவு முட்டினால் பழைய கணக்கைப் பார்க்கலாம், புதிய பில் ஏறாது. தீபாவளி வாரத்தில் இப்படி நின்றால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். ஆகவே மாதம் ஒருமுறை அளவைக் குறித்து வையுங்கள். இப்போது 7 ஜி.பி., மாதம் 150 எம்.பி. ஏறுகிறது என்றால் இன்னும் சுமார் 20 மாதம் ஓடும். அதற்குள் பழைய ஆண்டுகளைத் தனி டேட்டாபேஸாகப் பிரித்துக் கொள்ளலாம். அழித்துவிட வேண்டாம். ஜி.எஸ்.டி. சட்டப்படி அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்கு நம் கையில் இருக்க வேண்டும்.

இன்னொன்று லாக் ஃபைல். இது அந்த 10 ஜி.பி.யில் சேராது. ஆனால் 'ஃபுல் ரெக்கவரி' முறையில் வைத்துவிட்டு லாக் பேக்கப் எடுக்காமல் விட்டால், டிஸ்க் நிரம்பும்வரை வளர்ந்துகொண்டே போகும். கையால் அழிக்கப் போகாதீர்கள், டேட்டாபேஸே திறக்காமல் போகலாம். சாஃப்ட்வேர்காரரை அழைத்துச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

பேக்கப் விஷயத்தில்தான் நம்மவர்கள் அதிகம் அசந்துவிடுகிறார்கள். எக்ஸ்பிரஸில் நேரம் குறித்துத் தானாக வேலை செய்யும் 'ஏஜென்ட்' கிடையாது. விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரிலோ பில் சாஃப்ட்வேரிலோ யாராவது ஏற்பாடு செய்திருந்தால்தான் பேக்கப் நடக்கும். தினமும் காலையில் கடை திறந்ததும் பேக்கப் ஃபைலின் தேதியையும் அளவையும் கணக்குப்பிள்ளை பார்க்கட்டும். நேற்றைய தேதி இல்லையென்றால் அன்றே கேளுங்கள். மாதம் ஒருமுறை வேறு கம்ப்யூட்டரில் அதைத் திறந்து, கடைசி பில் எண் வருகிறதா என்று பார்ப்பதுதான் உண்மையான சோதனை.

மாதத் தொடக்கத்தில், சம்பளம் வந்த கூட்டத்தில், பில் இழுத்துக்கொண்டு நிற்கும். அப்போது சர்வரில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால் டிஸ்க்கோ, மெமரியோ போதவில்லை. எக்ஸ்பிரஸ் 2016 முதல் 2022 வரையிலான பதிப்புகள் டேட்டாவை வைத்துக்கொள்ள 1,410 எம்.பி. மெமரிதான் எடுத்துக்கொள்ளும், எத்தனை ஜி.பி. ராம் போட்டாலும் அதேதான். டிஸ்க்கும் பிராசசரும் சும்மா இருந்தும் பில் நிற்கிறதென்றால், பெரும்பாலும் ஒருவர் வேலைக்காக இன்னொருவர் காத்திருக்கிறார் என்று பொருள். மாலை 6 மணிக்கு யாரோ வருட ஸ்டாக் ரிப்போர்ட் போட்டிருப்பார்கள். அந்த வேலையை ஷட்டர் இறக்கியபின் வைத்துக்கொள்ளலாம். சாதாரண நாளில் ஒரு பில் சேவ் ஆக எத்தனை விநாடி என்று முன்பே தெரிந்திருந்தால்தான் மெதுவாகிவிட்டதா என்று சொல்ல முடியும்.

ஈவென்ட் வியூவரில் 825 என்ற எண் வந்தால் டிஸ்க் முதல்முறை படிக்காமல் மறுமுறை முயன்று படித்திருக்கிறது. 823, 824 வந்தால் நிலைமை முற்றிவிட்டது. 825-லேயே டிஸ்க்கை மாற்றிவிடுவது மலிவு.

சர்வீஸ் ஒப்பந்தத்தில் மாதம் ஒரு 'செக்டிபி' சோதனையை எழுத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். டேட்டாபேஸின் முதன்மை பாஸ்வேர்டு சாஃப்ட்வேர்காரரிடம் மட்டும் இருக்க வேண்டாம். உறையில் போட்டு உங்கள் பீரோவில் ஒன்று இருக்கட்டும்.