கிளி வாங்கலாமா?

"டாக்டர், பொண்ணு கிளி வேணும்னு ஒரே அடம். வாங்கிக் கொடுக்கலாமா?"

திருவண்ணாமலையில் என் வைத்தியசாலைக்கு வந்த ஓர் அம்மா கேட்டார். சிறுமிக்குப் பனிக்காலம் வந்தாலே இரைப்பு.

அருணகிரிநாதர் கிளி வடிவில் தங்கியதாகச் சொல்லும் கிளி கோபுரம் இருக்கிற ஊர் இது. ஆசை வராமல் இருக்குமா? ஆனாலும் மூன்று விஷயங்களை யோசியுங்கள்.

முதலில் சட்டம். நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கும் பட்ஜி, ஆஸ்திரேலியச் சின்னக் கிளி. அதை வளர்க்கலாம்.

அடுத்து உடம்பு. இறகுத் தூசியும் காய்ந்த எச்சமும் மூச்சில் போனால் இரைப்பு அதிகமாகலாம். 'சிட்டகோசிஸ்' என்ற நுரையீரல் தொற்றும் வரலாம். கூண்டை ஈரத்துணியால் துடையுங்கள். காய்ச்சலோடு வறட்டு இருமல் வந்தால், வீட்டில் கிளி இருப்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

மூன்றாவது, நேரம். பட்ஜி 5 முதல் 10 வருஷம் இருக்கும். தினை மட்டும் போதாது, கீரையும் வேண்டும். தனியே விட்டால் ஏங்கிப் போகும். சமையலறையில் வைக்காதீர்கள், நான்-ஸ்டிக் பாத்திரம் அதிகம் சூடானால் வரும் புகை அதைக் கொன்றுவிடும்.

அந்தச் சிறுமிக்கு வேண்டாம் என்றுதான் சொன்னேன். முகம் வாடிவிட்டது. "மாடியில தண்ணியும் கம்பங்கதிரும் வை கண்ணு" என்றேன்.

"காக்காதானே வரும்?"

"காக்காவும் வரும். பொறுமையா இருந்தா கிளியும் வரும்!"