படிப்படியே பாண்டித்தியம்

பண்டிதர் என்னும் சொல் இன்று மரியாதைக்காகவும் வழங்கப்படுகின்றது. யாழ்ப்பாணத்தில் அது மூன்று படிகளை ஏறிக் கடந்தவர்க்குரிய பட்டமாய் இருந்தது.

மதுரையிலே பாண்டித்துரைத் தேவர் 1901இல் நிறுவிய தமிழ்ச் சங்கம் பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என மூன்று பரீட்சைகளை வகுத்தது. ஈழத்து மாணாக்கரும் அவற்றுக்குத் தோற்றினர். பின்னர், தி. சதாசிவ ஐயர் முதலியோர் முயற்சியால் 1921இல் யாழ்ப்பாணத்தில் தோன்றிய ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கம் அம்மூன்று படிகளையும் இங்கேயே அமைத்தது.

மயிலிட்டியில் என் தந்தையார் அப்படிகளை ஏறியவர். எனக்கும் அவ்வொழுங்கிலேயே கற்பித்தார். புணர்ச்சி அறியாதவன் செய்யுளைப் பிரிக்கமாட்டான். பிரிக்கமாட்டாதவன் பொருள் கொள்ளான். பொருள் கொள்ளாதவன் உரையாசிரியரோடு வழக்காடுவது எங்ஙனம்? மேனாட்டிற் பனித்தரையிற் சறுக்கி ஆடப் பயில்வோர்க்கும் இத்தகைய படித்தேர்வுகள் உள. பனிமேல் ஒற்றைக்காலால் எட்டு வடிவம் பிசகாது வரைதல் முன்னாளில் அவற்றுக்கு அடிப்படை. துறை வேறாயினும் நெறி ஒன்றே.

பதினாறு வயதில் எனக்குப் பொறுமை இல்லை. அயலூராகிய குரும்பசிட்டி நா. பொன்னையா, சி. கணேசையரின் குறிப்புக்களோடு 1938இல் வெளியிட்ட சேனாவரையத்தை ஒளித்து வைத்துப் படித்தேன். தந்தையார் கண்டார், சினக்கவில்லை. ஒரு பக்கத்தை விளக்கச் சொன்னார். இரண்டாம் வரியிலே தடக்குண்டு நின்றேன். அவ்விடத்துக்கு வேண்டிய நன்னூற் சூத்திரத்தைச் சொல்லி, “இதிலே நின்று ஏறு, தம்பி” என்றார். நான் எழுதிய முதற் பரீட்சை அதுவே.

1990இல் ஊரைவிட்டு வெளியேறியபோது அவருடைய பண்டிதப் பத்திரம் சுவரிலே தொங்கியது. இடம்பெயர்ந்திருந்த கொட்டிலில் அவர் பிள்ளைகளுக்கு நன்னூல் கற்பித்தார். எவரும் பத்திரம் கேட்டிலர். 2017இல் மயிலிட்டித் துறைமுகப் பகுதி விடுவிக்கப்பட்டபின் சென்று பார்த்தேன். சுவரும் இல்லை. அவரும் அப்பொழுது இல்லை.

இதனாற் பரீட்சை வேண்டா என்பேனல்லேன். எங்கே தடக்குகின்றோம் என்பதைப் பிறர் காட்டாவிடில் நாமாக அறிவது அரிது. ஆயினும், இத்தரத்திற் சித்தியெய்தினால் என்ன உத்தியோகம் கிடைக்கும் என்று மாணாக்கர் வினவும்போது, அந்த இரண்டாம் வரியே என் நினைவுக்கு வருகின்றது. பத்திரத்தை இழந்தவர் தந்தையார், படியை இழந்தாரல்லர். அவர் நிறுத்திய படியிலே நின்றுதான் இன்று நான் கற்பிக்கின்றேன்.