வயிறும் மனமும் – 11: சுவரை மோந்து பார்க்கும் மருமகள்

பசியை மறுத்து உடலை உருக்கும் அனோரெக்சியாவைச் சென்ற வாரம் பார்த்தோம். எடை மிகவும் இறங்கிப்போனவர்களுக்கு மணத்தைப் பிரித்தறியும் திறனே மங்கியிருப்பதை 1995-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. இந்த வாரம் பார்க்கப்போவது அதற்கு நேர் எதிர். இங்கே ஆளை இழுப்பதே மூக்குதான்.

பேரையூர், திருமங்கலம் பக்கத்துக் கரிசல் ஊர்களில் கோடை மழையின் முதல் தூறலுக்கு எழும் வாசனை யாருக்குத்தான் பிடிக்காது? மாசமாக இருக்கும் சில பெண்களுக்கு அது பெரும் தவிப்பு. மழை வரும்வரை பொறுக்க முடியாது. மண்சுவரில் தண்ணீரைத் தெளித்து, முகத்தை ஒட்டவைத்து மோந்து பார்ப்பார்கள். பிறகு நகத்தால் சுரண்டி நாக்கில் வைப்பார்கள். பானை ஓடு, சிலேட்டுக்குச்சி, திருநீறு, அடுப்புச் சாம்பல் என்று ஆளுக்கு ஒன்று. "மசக்கைதானத்தா, புள்ள பொறந்தா சரியாப் போயிரும்" என்பார் அம்மாச்சி. அதையே பள்ளிக்கூடம் போகிற பிள்ளை செய்தால் முதுகில் அடி விழும். இது என்னால் சகிக்க முடியாத அநியாயம்.

இப்படி உணவல்லாததைத் தின்பதற்கு மருத்துவத்தில் பைக்கா என்று பெயர். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013 கையேடு அனோரெக்சியா, புலிமியா இருக்கும் அதே அத்தியாயத்தில் இதையும் வைத்திருக்கிறது. ஈரமண் மணக்க முக்கியக் காரணம் ஜியோஸ்மின். மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியாக்கள் உண்டாக்குவது. லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே நம் மூக்கு கண்டுபிடித்துவிடும். உடலில் இரும்புச்சத்து வற்றிய பலருக்கு இந்த வாசனை அடக்க முடியாத ஏக்கமாகிறது. சிலர் எதையும் தின்பதில்லை. பெட்ரோல், பினாயில், சோப்புத்தூள் என்று மோந்துகொண்டே இருந்தால் போதும். அதற்கும் டெசிடரோஸ்மியா என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு. மண்ணைத் தின்றால் அந்தக் குறை இன்னும் கூடும். களிமண் சோற்றில் உள்ள இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். உருண்டைப்புழுவின் முட்டையும் கூடவே உள்ளே போகும்.

ஆகவே வீட்டில் யாராவது சுவரைச் சுரண்டினால் திட்டாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய் ரத்தம் பாருங்கள். ஹீமோகுளோபினோடு, முடிந்தால் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும். குறை இரும்பில்தான் என்றால், மாத்திரை தொடங்கியபின் ஹீமோகுளோபின் முழுதாக ஏறுவதற்கு முன்பே பலருக்கு ஏக்கம் அடங்கிவிடுகிறது. ரத்தத்தில் குறையே இல்லை, ஆனாலும் தின்கிறார் என்றால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

"கறுப்பா வெளிக்குப் போகுது" என்று பயந்து மாத்திரையைத் தூக்கி எறிகிறவர்கள் உண்டு. இரும்பு மாத்திரை போட்டால் அப்படித்தான் போகும், பயம் வேண்டாம். மாத்திரையோடு டீ மட்டும் கூடாது. ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கச் சொல்லுங்கள்.

(தொடரும்)